அறிவித்த பிறகு கேட்கப்பட்ட கருத்து

2025 ஏப்ரல் 9 அன்று பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒரு பெரிய முதலீட்டை அறிவித்தார். லண்டனுக்கு வடக்கே பெட்ஃபோர்ட் நகரை அடுத்துள்ள கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக்கில் யுனிவர்சல் நிறுவனம் திரைப்படங்களை மையமாக வைத்த கேளிக்கைப் பூங்கா ஒன்றை அமைக்கப்போகிறது. 2031-இல் திறப்பு. 500 அறைகள் கொண்ட விடுதி. முதல் ஆண்டிலேயே 85 லட்சம் பார்வையாளர்கள். கட்டுமானக் காலத்தில் 20,000 பேருக்கு வேலை, பூங்கா இயங்கத் தொடங்கியதும் 8,000 பேருக்கு வேலை. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, அந்த ஆண்டின் கோடையில், இந்தத் திட்டத்துக்கு அனுமதி தருவது பற்றி அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. டிசம்பரில் அனுமதியும் தந்தது.

சட்டம் எதுவும் மீறப்படவில்லை. ஏப்ரலில் முறையான திட்ட அனுமதி கிடைத்திருக்கவில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் திறப்பு ஆண்டையும் வேலைகளின் எண்ணிக்கையையும் பிரதமரே அறிவித்துவிட்ட ஒரு திட்டத்தை அவருடைய அமைச்சர் ஒருவர் எட்டு மாதம் கழித்து நிராகரிப்பார் என்று அந்த ஊரில் யார் நம்பியிருப்பார்கள்? பூங்கா பெட்ஃபோர்டுக்கு நன்மையே செய்யக்கூடும். அப்படிப்பட்ட திட்டத்துக்கும் மக்களிடம் முன்கூட்டியே, முடிவு திறந்திருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அதுதான் இங்கே நடக்கவில்லை.

நிலத்தின் கதை தெரிந்தால் உள்ளூர் மக்களின் மனநிலை புரியும். பெட்ஃபோர்டுக்குத் தெற்கே, பூங்கா அமையப்போகும் மார்ஸ்டன் பள்ளத்தாக்கு பல தலைமுறைகளுக்குச் செங்கல் பூமி. லண்டன் பிரிக் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக 1926 முதல் கட்டிய ஊர்தான் ஸ்டூவர்ட்பி. அங்கிருந்த ஆலை ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய செங்கல் ஆலை என்று பெயர் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தென்னித்தாலியின் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வரவழைத்தார்கள். பெட்ஃபோர்டில் இன்றும் பெரிய இத்தாலியச் சமூகம் இருப்பதற்கு அதுவே காரணம். கந்தக டைஆக்சைடு வெளியேற்றத்துக்கான வரம்புகளை எட்ட முடியாமல் 2008-இல் ஸ்டூவர்ட்பி ஆலை மூடப்பட்டது. 2021 செப்டம்பரில், எஞ்சியிருந்த நான்கு புகைபோக்கிகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஊருக்கு அடையாளமாக இருந்தவை சில நொடிகளில் இல்லாமல் போயின.

வேலையையும் புகையையும் ஒரே ஆலையிடமிருந்து பெற்றுப் பழகிய ஊர் இது. பெரிய முதலாளி வந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். கருத்துக் கேட்பு என்று ஒன்று நடந்தால் முதலில் காதுகொடுக்க வேண்டியது இவர்களுக்குத்தான்.

யுனிவர்சல் மக்களிடம் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. 476 ஏக்கர் நிலத்தை வாங்கியதை 2023 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்ன நிறுவனம், 2024-இல் உள்ளூரில் கூட்டங்கள் நடத்தியது, ஒரு கருத்தாய்வும் செய்தது. 6,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அவற்றில் 92 விழுக்காடு ஆதரவு. அதன் பிறகு இந்த எண் போகாத இடமில்லை. திட்டத்தைப் பற்றிய செய்திகளில் எல்லாம் அதுவே முன்னால் நின்றது.

ஆனால் அந்தக் கருத்தாய்வில் விருப்பமுள்ள யாரும் பதில் எழுதலாம். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளோடு வந்து ராட்டினம் ஏறிவிட்டுப் போக விரும்புகிறவரும், படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே அந்த ராட்டினம் எழப்போகிறவரும் அதில் ஒரே எடை. முன்னவரின் ஆசை நியாயமானதுதான். ஆனால் அது பின்னவரின் கேள்விக்குப் பதில் ஆகாது. இருவரையும் கூட்டி ஒரு சதவீதம் எடுத்தால் கிடைப்பது பூங்காவுக்கான சந்தை எவ்வளவு பெரியது என்ற தகவல். பக்கத்து ஊர்க்காரர் என்ன நினைக்கிறார் என்பது அதில் தெரியாது.

பக்கத்து ஊர்க்காரர் சுமக்கப்போவது சிறிய சுமையல்ல. ஆண்டுக்கு 85 லட்சம் பேர் என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 23,000 பேர். 2021 கணக்கெடுப்பின்படி பெட்ஃபோர்ட் நகர்மன்றப் பகுதியின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,85,000. ஒவ்வோர் ஆண்டும் அதைப்போல் 46 மடங்கு மக்கள் வந்து போவார்கள். பூங்காவின் அமைப்புகள் சில 115 மீட்டர் வரை உயரலாம். சென்னை எல்ஐசி கட்டடத்தின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஏ421 நெடுஞ்சாலையின் நெரிசல், இரவு வாணவேடிக்கை, வெளிச்சம், வீட்டு வாடகை, பேருந்தில் இடம் என்று அன்றாட வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் இது தொடும்.

இன்னொன்றும் உண்டு. பூங்காவுக்குப் பக்கத்தில் விக்ஸம்ஸ் என்ற புதுக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடு வாங்கியவர்களுக்கு ரயில் நிலையம் வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பூங்கா உறுதியானதும் அதே நிலையத்தைத் திட்டமிட்டதைவிடப் பெரிதாகக் கட்ட அரசு முன்வந்தது. நிலையம் வருவது நல்லதே. ஆனால் குடியிருப்பவர்கள் கேட்டபோது நகராத வேலை, சுற்றுலாப் பயணிகளுக்காக நகர்ந்ததை அவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? அடுத்தமுறை ஒரு படிவம் வீடு தேடி வந்து உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும்போது இந்த நினைவும் கூடவே வரும்.

பிரிட்டனில் வழக்கமாக இப்படிப்பட்ட விண்ணப்பம் உள்ளூர் மன்றத்துக்குப் போகும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், எல்லோரும் பார்க்கும் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பார்கள். தவறினால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெட்ஃபோர்ட் திட்டத்துக்கு அரசு தேர்ந்தெடுத்த வழி வேறு. நகர்-ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் அமைச்சர் நேரடியாகவே சிறப்பு ஆணை பிறப்பித்து அனுமதி தரலாம்; அதைத்தான் பயன்படுத்தினார்கள். வேகமான வழிதான். ஆனால் உள்ளூர் வாக்கெடுப்பு என்ற படி அதில் இல்லை. ஆகவே மக்களுக்கு எஞ்சியது அந்தக் கோடைக்காலக் கருத்துக் கேட்பு மட்டுமே. வேறு வாசல்கள் மூடப்பட்டிருக்கும்போது மிச்சமிருக்கும் ஒற்றை வாசல் கூடுதல் நேர்மையோடு திறந்திருக்க வேண்டாமா?

ஒரு கருத்துக் கேட்பு எப்போது நேர்மையானது என்பதற்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்களிலேயே தெளிவான அளவுகோல் இருக்கிறது. 1985-இல் லண்டனின் பிரென்ட் மன்றம் பள்ளிகளை மூட முயன்றபோது பெற்றோர் தொடுத்த வழக்கில் உருவானவை கன்னிங் விதிகள். திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கேட்க வேண்டும். மக்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களை விளக்க வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை முடிவெடுக்கும்போது மனச்சாட்சியோடு எடைபோட வேண்டும். 2014-இல் ஹாரிங்கே மன்றத்தின் மீதான வழக்கில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. அந்த மன்றம் உள்ளாட்சி வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, வேறு வழிகளும் இருந்தன, அவற்றை ஏன் கைவிட்டோம் என்று மக்களிடம் சொல்லவில்லை. அந்தக் கருத்துக் கேட்பே சட்டப்படி செல்லாது என்றார்கள் நீதிபதிகள்.

அந்த முதல் விதியை பெட்ஃபோர்டின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஏப்ரலில் அறிவிப்பு, கோடையில் கேள்வி. உருவாகிக்கொண்டிருந்த நிலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நேர்மையாகக் கேட்பதற்கு முன்னுதாரணம் வேண்டுமானால் இன்னொரு பூங்காவின் கதையைப் பார்க்கலாம். அதுவும் திரைப்படப் பூங்காதான். ஆனால் அது கட்டப்படவே இல்லை. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், கென்ட் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்வான்ஸ்கோம் தீபகற்பம். பழைய சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக் குழிகளும் குப்பைமேடுகளும் சதுப்பும் கலந்த நிலம். அருகிலுள்ள சரளைக் குழி ஒன்றில்தான் 1930-களில் நான்கு லட்சம் ஆண்டுப் பழமையான மனித மண்டையோட்டின் துண்டுகள் கிடைத்தன. 2012-இல் இந்தத் தீபகற்பத்தில் பாரமவுண்ட் படங்களை வைத்து மாபெரும் பூங்கா அமைக்கப்போவதாக லண்டன் ரிசார்ட் என்ற நிறுவனம் அறிவித்தது. 2014-இல் அரசு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்று வகைப்படுத்தியது. மின் நிலையங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் உரிய அந்தத் தகுதியைப் பெற்ற முதல் வணிகத் திட்டம் அது.

அந்த வகைக்கான சட்டம் 2008-இல் வந்தது. விண்ணப்பிப்பதற்கு முன்பே நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள், அதற்குத் தான் என்ன செய்தது என்று அறிக்கை தர வேண்டியிருந்தது. கேட்டது போதாது என்று தோன்றினால் திட்டமிடல் ஆய்வாளரகம் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்ப முடிந்தது. அந்தச் சட்டத்தின்படி ஸ்வான்ஸ்கோமில் பல சுற்றுக் கருத்துக் கேட்புகள் நடந்தன. 2017-இல் பாரமவுண்ட் விலகியது, 2019-இல் திரும்ப வந்தது. 2020-இல் நடந்த சுற்று, பெருந்தொற்றுக் காலம் என்பதால் பெரும்பாலும் இணையவழியாகவே நடந்தது. திறப்பு ஆண்டு மட்டும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இதற்குள் நிலம் வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. ஆலைகள் போன பிறகு மனிதர் அதிகம் கைவைக்காத அந்த மண்ணில் உயிர்கள் பெருகியிருந்தன. 1,700-க்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரின வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒரு குதிக்கும் சிலந்தி பிரிட்டன் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் காணப்படுகிறது. ஒன்று ஸ்வான்ஸ்கோம், மற்றது ஆற்றுக்கு அக்கரையில். உள்ளூர் மக்களின் இயக்கமும் பக்லைஃப் போன்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் இந்த விவரங்களை விடாமல் எழுதி அனுப்பின. 2021 மார்ச்சில் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு அந்த நிலத்தைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பின் மீதும் ஆட்சேபங்களுக்கு அவகாசம் தந்து, கேட்டு, நவம்பரில் உறுதி செய்தது. 2022 மார்ச்சில் லண்டன் ரிசார்ட் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. பின்னர் அந்த நிறுவனம் கடனில் சிக்கியது. பாரமவுண்டே அதை நீதிமன்றத்துக்கு இழுத்தது.

முதலீட்டாளர்கள் இந்தக் கதையை ஒரு எச்சரிக்கையாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது, ஒரு சிலந்திக்காக ஒரு பூங்காவே போய்விட்டது என்பார்கள். அது சரியான வாசிப்பு அல்ல. பாரமவுண்ட் ஒருமுறை விலகியபோது அந்த நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவே இல்லை. பத்து ஆண்டுகளில் பணமும் கூட்டாளிகளும் உறுதியாக நிற்காத திட்டம் அது. கருத்துக் கேட்பும் திட்ட ஆய்வும் அந்த பலவீனத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. பூங்கா பாதி எழுந்து நின்றிருந்தால் சதுப்பும் போயிருக்கும், வேலையும் கிடைத்திருக்காது.

ஸ்வான்ஸ்கோமிலும் தவறு நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்த சிறு நிறுவனங்கள், தங்கள் இடம் கட்டாயமாகக் கையகப்படுத்தப்படுமா என்று தெரியாமல் பத்தாண்டுக் காலம் தவித்தன. பட்டறையை விரிவாக்கலாமா, புது இயந்திரம் வாங்கலாமா, இன்னும் பத்துப் பேரை வேலைக்கு எடுக்கலாமா என்று எதையும் முடிவுசெய்ய முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் முடிவு சொல்லாதிருப்பதும் ஒரு கொடுமைதான். கேட்பதற்குத் தொடக்கம் இருப்பதுபோல் கெடுவும் இருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று காட்ட முடியாத நிறுவனத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் மக்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை இருக்கக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் கருத்துக் கேட்பு என்ற இந்த வாசல் இன்னும் குறுகல். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடங்கள், நகரியங்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. கேளிக்கைப் பூங்காக்களும் பொதுவாகக் கட்டுமானத் திட்டங்களாகவே அனுமதி கோருகின்றன. அதனால் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் நடக்கும் கூட்டம், எத்தனை ஏக்கரானாலும் ஒரு பூங்காவுக்கு நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடக்கும் கூட்டங்களையே கண்துடைப்பு என்று மக்கள் சொல்லும் நாட்டில், கூட்டமே இல்லாத நிலை இன்னும் மோசம். பூந்தமல்லி அருகே நவீனத் திரைப்பட நகரம் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் அந்த வட்டார ஊராட்சிகளின் கிராம சபைகளில் அரசே இதை முன்வைத்துக் கேட்கலாம்.

பிரிட்டன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது. 2025 டிசம்பரில் அங்கே சட்டமான திட்டமிடல், உள்கட்டமைப்புச் சட்டம், தேசிய முக்கியத்துவத் திட்டங்களுக்கு விண்ணப்பத்துக்கு முந்தைய கட்டாயக் கருத்துக் கேட்பை நீக்கிவிட்டது. ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, ஆவணங்கள் மலைபோல் குவிகின்றன, யாரும் படிப்பதில்லை என்பவை அரசுத் தரப்பின் வாதங்கள். ஆவணங்கள் குவிந்தன என்பது உண்மை. ஆயிரக்கணக்கான பக்கங்களை மக்கள் முன் கொட்டிவிட்டு நான்கு வாரத்தில் பதில் எழுது என்பது கேட்பதாகாது. ஆனால் அதற்குத் தீர்வு பக்கங்களைக் குறைப்பது. சட்டக் கட்டாயமே போய்விட்டால், நல்ல நிறுவனங்கள் தாமாகக் கேட்கும். கேட்க வேண்டியது மிகவும் அவசியமான நிறுவனங்கள் கேட்காமல் நகர்ந்துவிடும்.

கேட்பதை மேம்படுத்துவது கடினமான வேலை அல்ல. வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இன்னும் திறந்திருந்தால் அதை முதலில் கேட்க வேண்டும், பிரதமர் மேடை ஏறுவதற்கு முன்பே. அது மூடப்பட்டுவிட்டால் மூடப்பட்டுவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எப்படி அமைய வேண்டும் என்பதை உண்மையிலேயே மாற்றத் தயாராக வர வேண்டும். சில மைல் சுற்றளவில் வசிப்பவர்களின் பதில்களைத் தனியாக எண்ணித் தனியாக வெளியிட வேண்டும். நாடெங்கும் இருந்து வரும் உற்சாகத்தை அதோடு கலக்கக் கூடாது. பதில் எழுத இணையம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது; செங்கல் ஆலையில் நாற்பது ஆண்டு உழைத்த முதியவரின் வீட்டுக் கதவையும் யாராவது தட்ட வேண்டும். முக்கியமாக, மாற்று வழிகளைக் காட்ட வேண்டும். ராட்டினத்தின் உயரத்தைக் குறைத்தால் என்ன இழப்பு, வாகன நிறுத்துமிடத்தைச் சுருக்கி ரயிலை நம்பினால் என்ன நடக்கும், வாணவேடிக்கை வாரம் ஒருமுறை என்றால் பூங்கா நஷ்டப்படுமா என்பன போன்ற கேள்விகளை எண்களோடு முன்வைத்தால், மக்கள் தரும் பதிலும் வேண்டும், வேண்டாம் என்பதைத் தாண்டிப் போகும்.

வேலை விஷயத்திலும் அப்படித்தான். பூங்காவில் வேலை பார்ப்பவர்களில் 80 விழுக்காட்டினர் பெட்ஃபோர்ட், மத்திய பெட்ஃபோர்ட்ஷயர், லூட்டன், மில்டன் கீன்ஸ் பகுதிகளிலிருந்தே வருவார்கள் என்று எதிர்பார்ப்பதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதிகளின் இளைஞர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அவர்களிடம் கேட்க வேண்டியது ஆதரிக்கிறீர்களா என்பதல்ல. ஆண்டு முழுவதும் வேலையா, பருவத்துக்கு மட்டுமா, மணிக்கணக்கில் கூலியா, நள்ளிரவில் பணி முடிந்தால் வீடு திரும்ப வண்டி உண்டா, எந்தக் கல்லூரியில் எந்தப் பயிற்சி என்பவற்றில் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும்.

பெட்ஃபோர்டில் அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. திறப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. கட்டுமான லாரிகள் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகும், இரவு ஒலியை யார் அளப்பார்கள், அளவு மீறினால் யாரிடம் புகார் சொல்வது, விக்ஸம்ஸ் நிலையத்தில் உள்ளூர்க்காரருக்கு ரயிலில் இடம் கிடைக்குமா என்பன இனிமேல்தான் நடைமுறையில் தீர்மானமாகும். ஸ்டூவர்ட்பி, கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக், விக்ஸம்ஸ் மக்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கும் நிரந்தரக் குழு ஒன்றின் முன் அரசும் யுனிவர்சலும் 2031 வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து நிற்க வேண்டும். கடந்த ஆண்டில் வந்த கருத்துகளில் எதனால் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் மாறவில்லை என்பதை எழுத்தில் தர வேண்டும்.